இருக்கா? இருக்கு.

போன வாரம் பழைய அலுவலகத்திலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அங்கிருந்து எனக்கு வருவதெல்லாம் தீபாவளி வாழ்த்தும், யாராவது வேலையை விட்டுப் போனால் அவருக்கு வெட்டும் கேக்குக்கு அழைப்பும்தான். இது வேறு. அனுப்பியவர் பெயர் நிவேதன். நான் விலகிய பிறகு சேர்ந்தவர், முகம் தெரியாது.

"ஹாய் வசந்தி அக்கா, சாரி டு டிஸ்டர்ப். நம்ம இமேஜ் பில்ட் லைப்ரரில 'இருக்கு'ன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. 'சரியா இருக்கு'ன்னு இன்னொண்ணும் இருக்கு. ரெண்டு எதுக்கு? ரெண்டாவது சோ ஸ்லோ, நடுவுல ஒரு ஆள் வேற பதில் சொல்லணும். அதை டிலீட் பண்ணிடலாமா? யார்கிட்ட கேட்டாலும் உங்களைக் கேக்கச் சொல்றாங்க."

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. டிலீட் பண்ணிடலாமாவாம். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீன் கழுவப் போனேன். பாதி மீன் கழுவும்போதுதான் தோன்றியது, இந்தப் பிள்ளை கேட்கவாவது செய்ததே என்று. கேட்காமலே நீக்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. அதனால் பதில் எழுதுகிறேன். கைப்பேசிச் செய்தியில் அடங்கும் விஷயமில்லை, தம்பி. உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

ஃபங்ஷன் என்ற சொல்லைக் கேட்டாலே என் கணவர், "கல்யாணமா, காதுகுத்தா?" என்பார். அவரைப் போன்றவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எங்கள் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

தனியாக வாழும் முதியவர்களின் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்கும். அதில் சிவப்புப் பொத்தான் ஒன்று. குளியலறையில் தரைவரை தொங்கும் ஒரு கயிறு. விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ பொத்தானை அழுத்தலாம், கயிற்றை இழுக்கலாம். அந்தச் செய்தி எங்கள் கணினிகளுக்கு வந்து, அங்கிருந்து அழைப்பு மையத்தில் இருப்பவரின் திரைக்குப் போகும். அவர் அந்தப் பெட்டி வழியாகவே பேசுவார், ஆள் அனுப்புவார். நடுவில் இருக்கும் கணினிகள் எங்கள் பொறுப்பு. பொத்தானை அழுத்தினால் ஒரு குரல் வர வேண்டும். நான் சம்பளம் வாங்கியது இந்த ஒன்றுக்காகத்தான்.

அந்தக் கணினிகளை ஒவ்வொன்றாகத் தயார் செய்வதில்லை. ஒன்றை முழுசாகத் தயார் செய்து, அது இருக்கிறபடியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வோம். அதற்குப் பெயர் இமேஜ். எத்தனை கணினி வேண்டுமானாலும் அந்த அச்சிலிருந்து எடுக்கலாம். அச்சில் பழுது இருந்தால் எடுத்த அத்தனையிலும் பழுது இருக்கும். "இமேஜ் கெட்டா நம்ம இமேஜும் கெட்டுடும்" என்று சவரிமுத்து அண்ணன் மாதம் ஒருமுறையாவது சொல்வார். தலைவர் சொல்கிறாரே என்று நாங்களும் ஒவ்வொரு முறையும் சிரித்து வைப்போம்.

நான் சேர்ந்தபோது நிறுவனம் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் இருந்தது. கீழே மசாலா அரைக்கும் கடை. மதியமானால் மிளகாய் நெடியில் எல்லோரும் தும்முவோம். அதற்கு முன் ஒரு கப்பல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டு மாலை வகுப்பில் கணினி படித்திருந்தேன். ஒயர் இழுத்தேன், டப்பா தூக்கினேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். நிறுவனம் வளர்ந்து ஜூரோங்குக்கு இடம் மாறியபோது நானும் மாறினேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சவரிமுத்து அண்ணனைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. எங்கள் குழுத் தலைவர். ஒல்லியான ஆள், சட்டையை எப்போதும் உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் தமிழ்ப் பூசையில் வேத வாசகம் வாசிப்பவர். அந்தக் குரலை வாரநாளில் கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால்கூட, கோயிலில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டியதுபோல நிறுத்தி நிதானமாகத்தான் சொல்வார்.

புது இமேஜ் தயாரானால் அவர் அதை வெளியே விடும் முறை ஒன்று உண்டு. அதை அந்த நாளில் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். குழு முழுவதும் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நிற்க வேண்டும். ஒருவர் கணினி முன் உட்காருவார். அண்ணன் கையில் பட்டியல் தாளோடு நின்றுகொண்டு வரி வரியாகக் கேட்பார்.

"நேரம். சரியா இருக்கா?"

உட்கார்ந்திருப்பவர் பார்த்துவிட்டு, "இருக்கு" என்பார்.

"ஃபயர்வால். சரியா இருக்கா?"

"இருக்கு."

"சர்ட்டிஃபிகேட். சரியா இருக்கா?"

சர்ட்டிஃபிகேட் என்பது ஒரு கோப்பு. வீட்டுப் பெட்டியிலிருந்து வரும் செய்தி உண்மையிலேயே நம் பெட்டியிலிருந்து வந்ததுதானா என்று கணினி அதை வைத்துத்தான் சோதிக்கும். இந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் உடனே பதில் சொன்னால் அண்ணன் நம்ப மாட்டார். கோப்பைத் திறக்க வேண்டும். உள்ளே படிக்க வேண்டும். அது எந்தத் தேதியோடு காலாவதி ஆகிறது என்று பார்க்க வேண்டும். அதை வைத்து ஒரு பெட்டியோடு பேசிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் "இருக்கு."

எங்களோடு பீட்டர் டான் என்று ஒருவர் இருந்தார். ஒருமுறை திறந்து பார்க்காமலே "இருக்கு லா" என்றுவிட்டார். அண்ணன் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்ப எக்ஸ்பயர் ஆகுது, பீட்டர்?" என்றார். பீட்டர் முழித்தார். அண்ணன் கோபப்படவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் கால் கடுக்க நின்றோம். அதற்குப் பிறகு பீட்டர் மட்டுமல்ல, குழுவில் பிலிப்பீன்ஸிலிருந்து வந்திருந்த பெண்ணும்கூட, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் "இருக்கு" சொன்னார்கள். அந்த ஒரு தமிழ்ச் சொல் எங்கள் மாடி முழுவதும் தெரியும். லிஃப்ட் வந்துவிட்டதா என்று கேட்டால்கூட பீட்டர் "இருக்கு" என்பார்.

வருடங்கள் போகப் போக இமேஜுக்குள் வைக்க வேண்டியவை கூடின, வரிகளும் நீண்டன. ஒவ்வொரு வரிக்கும் "சரியா இருக்கா" என்று கேட்டு அண்ணனுக்கே வாய் வலித்திருக்க வேண்டும். எப்போது என்று சொல்ல முடியாது, "சரியா" உதிர்ந்துபோனது. "நேரம், இருக்கா? ஃபயர்வால், இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கேள்வியில் இல்லாவிட்டாலும் எங்கள் காதில் அது இருந்தது. பழையபடி திறந்து, படித்து, சோதித்துவிட்டே பதில் சொன்னோம்.

கவிதா சேர்ந்தது அதற்குப் பிறகு. கிளமெண்டியில் வளர்ந்து, பக்கத்துப் பல்கலைக்கழகத்திலேயே படித்துவிட்டு வந்தவள். கெட்டிக்காரி. வாய் ஓயாது. என்னோடு ஒரு வாரத்திலேயே ஒட்டிக்கொண்டாள். முதன்முதலில் இந்த வாசிப்பில் நின்றுவிட்டு என் மேசைக்கு வந்து சொன்னாள்:

"அக்கா, திஸ் இஸ் கிரேஸி. ஏழெட்டுப் பேர் நின்னுக்கிட்டு இருக்கு இருக்குன்னு... இட்ஸ் லைக் சர்ச். ஒய் கான்ட் தி மெஷின் சே இருக்கு?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் இதை எழுதுவதால் பழைய முறைதான் உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு இமேஜ் வெளியே போக முழு நாள் ஆகும். பாதுகாப்புத் திருத்தங்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். யாருக்காவது காய்ச்சல் என்றால் எல்லாம் தள்ளிப்போகும். தானாக நடக்க வேண்டிய வேலைதான் அது. அண்ணனே, "செய்யட்டும் லா, எனக்கும் முட்டி வலிக்குது" என்று சம்மதித்தார்.

இமேஜ் கட்டுவதற்கென்றே ஒரு பெரிய கருவி இருக்கிறது. அதை நிரல் எழுதி ஓட்ட லைப்ரரி என்று ஓர் ஆயத்த நிரல் தொகுப்பு இருக்கிறது. அந்த லைப்ரரியை நேரடியாகத் தொட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும். கவிதா அதன் மேல் தலையணைக்கு உறை போடுவதுபோல ஒன்றைத் தைத்தாள். ராப்பர் என்பார்கள். அதைப் போட்ட பிறகு பத்து வரியில் ஒரு முழு இமேஜைக் கட்டிவிடலாம். அண்ணன் கேட்கும் வரிகளையும் அதற்குள் கொண்டுவந்தாள். கேலியும் மரியாதையும் கலந்து, அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு, அதாவது ஃபங்ஷனுக்கு, ஆங்கில எழுத்தில் 'இருக்கு' என்றே பெயர் வைத்தாள். திரையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் அந்தச் சொல் வரும். முதல் நாள் அதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம். பீட்டர் படம் எடுத்துக்கொண்டார்.

எழுதுவதற்கு முன் அவள் அண்ணனிடம் கேட்டிருந்தாள். பேன்ட்ரியில் நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் சவரி, நீங்க 'இருக்கா'ன்னு கேக்குறப்போ, எக்ஸாக்ட்லி என்ன செக் பண்ணணும்?"

"இருக்கான்னுதான். இட்ஸ் தேர் ஆர் நாட் தேர். அவ்வளவுதான் லா."

எனக்கும் அது சரியான பதிலாகத்தான் பட்டது. அண்ணன் கேட்டதே அதைத்தானே.

கவிதாவின் வீட்டில் பேச்செல்லாம் ஆங்கிலம். தமிழ் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். பள்ளித் தமிழில் 'இருக்கிறது' என்றால் உள்ளது, அவ்வளவுதான். எங்கள் வீடுகளில் பேச்சு வேறு மாதிரி. "சாம்பார்ல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்போம். உப்பு உள்ளது என்று யாரும் அதற்குப் பொருள் கொள்ள மாட்டார்கள். பதிலில் விட்டுப்போன 'சரியா'வைக் கேள்வி தாங்கிக்கொண்டிருந்தது. கேள்வியிலும் அது போன பிறகு எங்கள் பழக்கம் தாங்கிக்கொண்டிருந்தது. நிரலுக்கு ஏது பழக்கம்? அதற்குச் சொன்னதுதான் தெரியும்.

அந்த ராப்பர் நன்றாகவே ஓடியது. நிறைய இமேஜ்கள் அதில் கட்டினோம். மேசையைச் சுற்றி நிற்பது நின்றுபோனது. அண்ணன் மட்டும் தன் இடத்தில் உட்கார்ந்தபடி திரையில் வரும் வரிகளை உதடு அசையப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுப்பார்.

ஒரு நாள் சர்ட்டிஃபிகேட்டை வைத்திருக்கும் எங்கள் உள் கணினியைப் பழுதுபார்க்க நிறுத்தியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு இமேஜ் கட்டும் வேலை ஓடியது. சர்ட்டிஃபிகேட் கோப்பை எடுத்துவரும் கட்டம், முதலில் அந்தப் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டு, பிறகு உள்ளடக்கத்தைக் கொண்டுவரப் போய்த் தோற்றது. தோற்றதை லைப்ரரி ஒரு வரியில் சொல்லியிருந்தது. ராப்பர் அந்த வரியைக் கேட்கவில்லை. அடுத்து 'இருக்கு' வந்தது. அந்தப் பெயரில் ஒரு கோப்பு உண்டா என்று பார்த்தது. உண்டு. பச்சை. மீதி எல்லா வரியும் பச்சை. அண்ணன் படித்துவிட்டு ஒப்புதல் கொடுத்தார்.

புது இமேஜை ஒரே நாளில் எல்லா இடத்திலும் போட மாட்டோம். முதலில் ஒரு வட்டாரம். அந்த வட்டாரத்தின் பெட்டிகள் புதுக் கணினியோடு பேச ஆரம்பித்தன. கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் பலகையில் பச்சை. ஆனால் பெட்டியிலிருந்து வந்த எந்தச் செய்தியையும் அந்தக் கணினி உள்ளே விடவில்லை. வெற்றுக் கோப்பை வைத்துக்கொண்டு அது யாரை அடையாளம் காணும்? அழைப்பு மையத்தின் திரை அமைதியாக இருந்தது. அந்த வட்டாரத்தில் நாள் முழுக்க ஒரு அழைப்பும் வராமல் இருப்பது வழக்கம்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் மதியம் அழைப்பு மையத்திலிருந்து அண்ணனுக்குத் தொலைபேசி. ஓரறை வீட்டில் தனியாக இருந்த ஒரு சீன மூதாட்டி, காலையில் குளியலறையில் விழுந்திருக்கிறார். மதியம் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர் கதவு திறக்காததால் ஆள் கூப்பிட்டுத் திறந்திருக்கிறார். மூதாட்டியின் கையில் கயிறு சுற்றியிருந்ததாம். மையத்துக்குத் தொலைபேசி செய்து அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்மணி கத்தியிருக்கிறார்: "ஷி புல், ஷி புல், நோபடி கம்!"

அண்ணன் முதலில் செய்தது பழைய இமேஜுக்கு மாற்றியது. பெட்டிகள் மறுபடி பேசுவதை உறுதி செய்துகொண்டார். பிறகு எழுந்து நின்று, பல மாதங்களுக்குப் பிறகு, எங்கள் எல்லோரையும் மேசைக்குக் கூப்பிட்டார். பழுதான இமேஜிலிருந்து ஒரு கணினியை எழுப்பி என்னை அதன் முன் உட்காரச் சொன்னார். அதே குரலில் ஆரம்பித்தார்.

"நேரம், இருக்கா?"

"இருக்கு."

"ஃபயர்வால், இருக்கா?"

"இருக்கு."

"சர்ட்டிஃபிகேட், இருக்கா?"

நான் கோப்பைத் திறந்தேன். திரை வெறுமையாக இருந்தது. தவறான கோப்பைத் திறந்துவிட்டேனோ என்று மறுபடி திறந்தேன்.

"வசந்தி. இருக்கா?"

"இருக்குண்ணே. உள்ளே ஒண்ணும் இல்ல."

எனக்குப் பின்னால் கவிதா நின்றிருந்தாள். "நோ, நோ, நோ" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணன் தன் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்று மீதி வரிகளை அவர் கேட்கவில்லை.

அந்த அம்மாள் சில நாள் மருத்துவமனையில் இருந்து இறந்துபோனார். வயது, நுரையீரல், விழுந்த அடி என்று காரணங்கள் சொன்னார்கள். சீக்கிரம் ஆள் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், பதில் யாருக்கும் தெரியவில்லை.

அவர் துக்கத்துக்குப் போக வேண்டும் என்றார். தனியாக விட எனக்கு மனமில்லை, கூடப் போனேன். மூதாட்டி இருந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். நிலக்கடலை, மிட்டாய், டப்பா பானம் எல்லாம் இருந்தன. ஓர் இளம்பெண் வந்து ஆளுக்கொரு பானம் வைத்துவிட்டுப் போனாள். மூதாட்டியின் மகனுக்கு எங்கள் வயது இருக்கும். யார் என்று கேட்டார். அண்ணன் மறைக்கவில்லை, பொத்தான் வேலையில் இருப்பவர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். திட்டுவார், எழுந்து போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் திட்டவில்லை. களைத்துப்போய் உட்கார்ந்தார். அம்மாவுக்கு அந்தப் பொத்தான் ரொம்பப் பிடிக்கும் என்றார். சில நாள் சும்மாவே அழுத்துவாராம். குரல் வந்ததும், "சாரி சாரி, தப்பா அழுத்திட்டேன்" என்பாராம். பிறகு சாப்பிட்டாயா என்று அந்தக் குரலைக் கேட்பாராம். "ஷி லைக் டு டாக்" என்றார். அழைப்பு மையம் அனுப்பும் பட்டியலில் அந்த வீடு எங்களுக்குப் பழக்கமானதுதான், தவறி அழுத்துகிறவர்கள் வரிசையில். அதை நாங்கள் கேலிகூடச் செய்திருக்கிறோம்.

திரும்பி வரும்போது அண்ணன் எம்ஆர்டி ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். வாய்விட்டு அழுதார். எதிரே இருந்தவர்கள் கைப்பேசிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விசாரணை ஜூரோங் அலுவலகத்தின் பெரிய அறையில் நடந்தது. பிரிவுத் தலைவர் கேட்ட முதல் கேள்வி, அந்த ஃபங்ஷனை எழுதியது யார் என்பது. கவிதா கையைத் தூக்கினாள். ராஜினாமாக் கடிதத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்து பேர் எடுக்க வேண்டிய வயது. இந்த ஊர் சின்ன ஊர், இந்தத் தொழிலும் சின்னது. ஓர் உயிர் போன விஷயத்தில் பெயர் அடிபட்டால் அவளுக்கு யாரும் வேலை தர மாட்டார்கள்.

அண்ணன் உட்கார்ந்தபடியே பேசினார். கோயில் குரல் இல்லை, மிகவும் மெதுவாக, ஆங்கிலத்தில்.

"ஷி ஆஸ்க்ட் மீ தி மீனிங். ஐ கேவ் ஹர் தி ராங் மீனிங்."

"மீனிங் ஆஃப் வாட்?" என்றார் பிரிவுத் தலைவர்.

"ஆஃப் அ தமிழ் வேர்ட், சார்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. பீட்டர் டான் தலையைக் குனிந்துகொண்டார். ஒப்புதல் கொடுத்தது நான், பொறுப்பு என்னுடையது, அவளுடையது அல்ல என்று அண்ணன் இன்னொரு முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். 'சரிபார்ப்பு நடைமுறையில் குறைபாடு' என்று அறிக்கை வந்தது. அண்ணனைப் பழைய கணினிகளைக் கழித்துக்கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். கொஞ்ச காலம் அங்கே இருந்துவிட்டு வேலையை விட்டார். அவர் நாற்காலி எனக்கு வந்தது. அதில் உட்கார்ந்த ஒரு நாளும் எனக்குச் சந்தோஷமாக இருந்ததில்லை.

போவதற்கு முன் கவிதாவைக் கூப்பிட்டு இன்னொரு ஃபங்ஷன் எழுதச் சொன்னார். நானும் கூட உட்கார்ந்தேன். அதுதான் 'சரியா இருக்கு.' புது இமேஜிலிருந்து உண்மையாகவே ஒரு கணினியை அது எழுப்பும். எங்கள் மாடிச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டியின் பொத்தானை அழுத்தச் செய்யும். செய்தி அழைப்பு மையத்துக்குப் போய், அங்கே ஒரு மனிதர் அதைத் திரையில் பார்த்து, பெட்டி வழியாகப் பேசி, கேட்கிறது என்று பதில் வந்த பிறகுதான் பச்சை வரும். மையத்தில் இருப்பவர் வேறு அழைப்பில் இருந்தால் நாம் காத்திருக்க வேண்டும். அது மெதுவாக ஓடுவது குறை அல்ல. அப்படித்தான் அதைச் செய்தோம்.

எழுதி முடித்த அன்று கவிதா கேட்டாள், "மிஸ்டர் சவரி, பழசை எடுத்துடவா?" வேண்டாம் என்றார் அண்ணன். "அதும் பக்கத்துலேயே இருக்கட்டும். யாராவது வந்து ஏன் ரெண்டுன்னு கேப்பாங்க."

கேட்டுவிட்டீர்கள் தம்பி. என் பதில் இதுதான்: நீக்காதீர்கள். உங்களுக்கு மேலே இருப்பவர்கள் நீக்கச் சொன்னால், இதை அவர்களிடம் காட்டிவிட்டு நீக்குங்கள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று நேற்று பிடோக்கில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி இறந்த பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். வாசகம் வாசிப்பதை வேலையை விட்டதோடு விட்டுவிட்டார். முன்பெல்லாம் தேக்கா சந்தையில் சந்தித்து ஆளுக்கொரு கோப்பை தே குடிப்போம், இப்போது அவர் அவ்வளவு தூரம் வருவதில்லை. மகள் ஸ்டெல்லா தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: "ஆன்ட்டி, அப்பா போன மாசம் கிச்சன்ல விழுந்துட்டாரு. நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் தரையிலேயே கெடந்திருக்காரு. பட்டன் ரெண்டு அடி தூரத்துலதான் ஆன்ட்டி. கை எட்டும். அழுத்தவே இல்ல."

அவரே கதவைத் திறந்தார். ஊன்றுகோல் வைத்திருந்தார். நான் வாங்கிப்போன வடையைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். நிவேதனின் செய்தியைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்ல பிள்ளை, கேட்டிருக்கான்" என்றார். சமையலறைச் சுவரில், தரையிலிருந்தே கை எட்டும் உயரத்தில், வெள்ளைப் பெட்டி இருந்தது. என்னால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏண்ணே அழுத்தல? பொத்தான் இருக்குல்ல?"

"இருக்கு."

நான் காத்திருந்தேன். அவர் வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டார்.

"அழுத்தி, யாரும் பேசலேன்னா அப்புறம் நான் என்ன பண்றது வசந்தி? அழுத்தாம கெடந்தா, அழுத்தினா வருவாங்கன்னாவது நெனச்சிக்கிட்டுக் கெடக்கலாம்ல."

எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. எழுந்து போய் நானே பொத்தானை அழுத்தினேன். அவர் "வேணாம்மா" என்பதற்குள் பெட்டி கரகரத்தது. ஒரு பெண் குரல் வந்தது. திரையில் அவர் பெயரையும் மொழியையும் பார்த்திருப்பாள் போல, தமிழிலேயே உற்சாகமாகப் பேசினாள்.

"வணக்கம், சவரிமுத்து அங்கிள்! இருக்கீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"இருக்கேம்மா" என்றார்.

"ஓகே அங்கிள், டேக் கேர்!"

எப்படி இருக்கிறார் என்று கேட்காமலே இணைப்பைத் துண்டித்துவிட்டாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.